மைல் சேர்ப்பதா, விட்டுத் தொலைப்பதா? ஆம்பூரிலிருந்து ஒரு கணக்கு

போன வாரம் எங்கள் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் பையன் என் மேசைக்கு வந்து நின்றான். செப்டம்பரில் மிலானில் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு அவனை முதல் தடவையாக அனுப்புகிறோம். பாஸ்போர்ட் இருக்கிறது, விசாவுக்குத் தேதி வாங்கியாயிற்று. அவன் கேட்டது வேறு. "சார், எந்த ஏர்லைன்ஸ்ல மெம்பர் ஆனா நல்லது? மைல் சேருமாமே." பறக்கப் பறக்க ஏர்லைன்ஸ் நம் கணக்கில் போடும் புள்ளிதான் மைல்; போதுமான அளவு சேர்ந்தால் இனாம் டிக்கெட் எடுக்கலாம்.

பதினாலு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஐரோப்பா போய்வருகிறவன் நான். இதற்கு என் வாயில் பதில் தயாராக இருந்திருக்க வேண்டும். இல்லை. நானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைல் சேர்ப்பதை விட்டுவிட்டேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி என்று எனக்குத் தெரிந்த தோல்காரர்களில் பலரும் விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் பர்ஸைத் திறந்தால் தங்க நிற மெம்பர் கார்டு முதலில் கண்ணில் படும்படி வைத்திருந்தவர்கள், இன்று டிராவல்ஸ்காரரிடம் "எது மலிவு, எது நேரத்துக்குப் போகுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பையன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே ஏர்லைன்ஸைப் பிடித்துக்கொண்டு மைல் சேர்ப்பது ஒன்று. வங்கி கிரெடிட் கார்டில் புள்ளி சேர்த்து, வேண்டியபோது ஏதோ ஒரு ஏர்லைன்ஸுக்கு மாற்றிக்கொள்வது இன்னொன்று. எதையும் சேர்க்காமல் மலிவு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, கார்டு தரும் கேஷ்பேக்கோடு திருப்தியடைவது மூன்றாவது.

இந்தக் கணக்கைப் போடுமுன் நம் ஊர்க்காரருக்கு மட்டும் ஒரு முன்கேள்வி உண்டு.

எந்த விமான நிலையம்?

மும்பைக்காரனுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆம்பூர், சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிறது. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர் சொச்சம். பெங்களூர் விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி அதைவிட வெகுதூரம். ஆனால் ஆம்பூர் தாண்டி, வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் போகப் போக பெங்களூர்தான் கிட்டே. அப்துல்லாபுரத்தில் வேலூருக்கென்று ஒரு விமானத் தளம் உண்டு, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பெயரும் வந்தது. அதை நம்பி யாரும் பெட்டி கட்டுவதில்லை.

இரண்டு ஊரிலும் பறக்கிற கம்பெனிகள் ஒன்றல்ல, நேரமும் வேறு. ஐரோப்பா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். மாலையில் ஃபாக்டரியில் ஷிப்மென்ட் பார்த்துவிட்டு ஆறு மணிக்குக் கார் ஏறுகிறவனுக்கு, அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது என்பதுதான் ஏர்லைன்ஸைத் தீர்மானிக்கிறது. ஒரு தடவை சென்னை, அடுத்த தடவை பெங்களூர் என்று மாறுகிறவனுடைய மைல்கள் நாலு கணக்கில் நாலாயிரம் நாலாயிரமாகச் சிதறும். எந்தக் கணக்கிலும் ஒரு டிக்கெட்டுக்கு எட்டாது. மைல் திட்டங்களை விட்டவர்களில் பாதிப் பேர் கோபப்பட்டு விட்டவர்கள் இல்லை. இப்படிச் சிதறியே கைவிட்டவர்கள்.

ஒரே ஏர்லைன்ஸ்

சரி, பையன் சென்னையையே பிடித்துக்கொள்கிறான், ஒரே கம்பெனியில்தான் பறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

நம் பக்கத்தில் சீட்டுக் கட்டாத குடும்பம் குறைவு. நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, ஏலச் சீட்டு என்று எல்லாம் பார்த்தவர்கள் நாம். மைலும் ஒரு சீட்டுதான். மாதா மாதம் பணம் கட்டுவதற்குப் பதில் டிக்கெட் வாங்குகிறோம், கடைசியில் ஒரு டிக்கெட் இனாமாக எடுக்கிறோம். ஆனால் இந்தச் சீட்டில், நடுவில் தொகையைக் குறைக்கவும், ‘இந்த மாதம் எடுக்க முடியாது’ என்று சொல்லவும் சீட்டு நடத்துகிறவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை, விதிமுறைகளைப் படிக்காமல் ‘சம்மதம்’ பட்டனை அமுக்கி, நாமேதான் முதல் நாளே எழுதிக் கொடுத்தோம்.

அந்த உரிமையை அவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிமையாக இருந்தது: பறந்த தூரத்துக்கு மைல். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர், அதாவது 4,700 மைல் சொச்சம். போய்வந்தால் 9,400. மலிவு டிக்கெட்டுக்கு அதில் பாதியோ காலோ போட்டார்கள் என்றாலும் தூரம்தான் அளவுகோல். இந்தியாவிலிருந்து பறக்கிறவனுக்கு அது சாதகம். நம் ஊர் எல்லாவற்றுக்கும் தூரம்.

2015-இல் அமெரிக்க ஏர்லைன்ஸ்களான டெல்டாவும் யுனைடெட்டும், 2016-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அளவுகோலை மாற்றின. தூரம் போய், செலவழித்த பணம் வந்தது. டெல்டாவில் சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலருக்கு 5 மைல். அதே கணக்கை நம் ஃபிராங்ஃபர்ட் டிக்கெட்டில் வைத்துப் பாருங்கள். வரி நீங்கலாக அடிப்படைக் கட்டணம் 450 டாலர் என்றால் கிடைப்பது 2,250 மைல். 9,400 எங்கே, 2,250 எங்கே! ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் இதே வழிக்கு வந்தது. முதலாளி மலிவு டிக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கதை பாதி முடிந்துவிட்டது.

சேர்க்கிற பக்கம் இப்படி என்றால், எடுக்கிற பக்கம் இன்னும் மோசம். முன்பெல்லாம் பட்டியல் ஒன்று இருக்கும்: இந்த ஊருக்கு இத்தனை மைல். டெல்டா 2015-இலேயே அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019-இல். பட்டியல் இல்லாத இடத்தில் இனாம் டிக்கெட்டின் விலையும் கூட்டத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும். நமக்கு வேண்டியது எப்போதும் கூட்டமான நாள்தான்: மே லீவு, டிசம்பர் லீவு, பொங்கல்.

என் கதையைச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். 2023-இல் என் கணக்கில் 58,000 மைல் இருந்தது. மனைவியையும் மகளையும் மே லீவில் சிங்கப்பூர் கூட்டிப்போகலாம், அவர்கள் இரண்டு பேருக்கும் மைலில் டிக்கெட், எனக்கு மட்டும் காசு என்று திட்டம். மே மாதம் முழுக்கத் துழாவினேன், இரண்டு சீட்டு சேர்ந்தாற்போல ஒரு நாளும் இல்லை. கிடைத்தது ஜூன் இரண்டாம் வாரம், பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்கும் ஆளுக்கு 26,000 மைல் போக, வரி, எரிபொருள் சர்சார்ஜ் என்று 11,400 ரூபாய் தனியாகக் கேட்டது. அதே வாரத்தில் வேறொரு ஏர்லைன்ஸ் காசுக்கு 18,900 ரூபாய்க்குப் போய்வரும் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. ஆக, 26,000 மைலின் மதிப்பு 7,500 ரூபாய். ஒரு மைல் 29 பைசா.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து இன்னொரு கணக்கும் போட்டேன், அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்த 58,000-ஐச் சேர்க்க எட்டு பயணம் ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘நம்ம ஏர்லைன்ஸ்’ என்பதற்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடுதலான டிக்கெட்டைத்தான் போடச் சொல்லியிருந்தேன். முதலாளியின் காசில் முப்பத்தைந்தாயிரத்தைக் கரைத்து, இரண்டு டிக்கெட்டில் பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். அவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சிரித்திருப்பார், அது வேறு விஷயம்.

சிங்கப்பூர் போகவில்லை. மைலில் ஒரு பகுதிக்கு அவர்களுடைய கடையிலேயே ஒரு டிராலி பெட்டி வாங்கினேன். அதன் ஒரு சக்கரம் இப்போது ஆடுகிறது. மிச்சம் காலாவதி ஆயிற்று.

காலாவதியைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் மைலுக்கு ஆயுள் 36 மாதம். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸிலும் ஏறக்குறைய மூன்று வருஷம். கத்தார் ஏர்வேஸ் 2022-இலிருந்து, பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதலான சில ஏர்லைன்ஸ்களுக்குப் பொதுவான ஏவியோஸ் என்ற புள்ளி முறைக்கு மாறிவிட்டதால் அங்கே கொஞ்சம் இரக்கம் உண்டு: 36 மாதத்துக்குள் கணக்கில் ஏதாவது வரவு செலவு இருந்தால் போதும், மொத்தமும் உயிரோடு இருக்கும். ஒரே ஏர்லைன்ஸ்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், எவ்வளவு மைல் தருகிறார்கள் என்பதைவிட முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கம்பெனியே மூழ்கிப்போன கதைகளும் நமக்குத் தெரியும். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. ஜெட்டின் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது; ஆனால் ஜெட்டில் பறக்கச் சேர்த்த மைலை வைத்துக்கொண்டு ஜெட்டில் பறக்க முடியாது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு கலந்தது, அதன் மைல் திட்டமான கிளப் விஸ்தாரா, ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பில் கரைந்தது. புள்ளிகள் போய்விடவில்லை. ஆனாலும் ஒரு கடையில் சேர்த்த கூப்பனை வேறொரு கடையில் கொடுத்துச் செலவழிக்கும் மனநிலை வேறு.

சாம்பிள் பெட்டிக்காரனுக்கு மட்டும்

இத்தனை குறை சொன்ன பிறகும், ஒரே ஏர்லைன்ஸ் வழியை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். மைலுக்காக இல்லை, தகுதிநிலைக்காக, அதாவது அதிகம் பறக்கிறவருக்கு சில்வர், கோல்ட் என்று ஏறும் மெம்பர் படிக்காக. கோல்ட் மெம்பர் ஆனால் லவுஞ்சில் இட்லி தின்னலாம் என்பதைப் பெரிதாகப் பேசுவார்கள். எங்கள் தொழிலில் அதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: எடை. ஒற்றைக்கால் சாம்பிளாக எடுத்துப்போனாலும் அறுபது ஸ்டைல் என்றால் பெட்டி கனத்துவிடும், தோல் மாதிரித் துண்டுகள் ஒட்டிய ஸ்வாட்ச் புத்தகங்கள் வேறு. பல ஏர்லைன்ஸ்கள் சேர்ந்த கூட்டணியான ஸ்டார் அலையன்ஸில் கோல்ட் இருந்தால், லக்கேஜை எடை பார்த்து அனுமதிக்கிற இடத்தில் 20 கிலோ கூடுதல், பெட்டி எண்ணி அனுமதிக்கிற இடத்தில் ஒரு பெட்டி கூடுதல். கவுன்டரில் கூடுதல் எடைக்குக் காசு கட்டிய எவனுக்கும் இதன் மதிப்பு தெரியும். ஒரு பயணத்துக்கே ஆயிரக்கணக்கில் மிச்சம், அதுவும் கம்பெனிக்கு மிச்சம்.

ஆனால் எட்டுமா? கிரிஸ்ஃப்ளையரில் கோல்டுக்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 எலைட் மைல், அதாவது தகுதிநிலைக்கென்று எண்ணப்படும் மைல் வேண்டும். லுஃப்தான்சாவில் பறந்து இந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் ஒரே கூட்டணி. மலிவு டிக்கெட்டில் பாதி மைல் என்று தாராளமாகவே வைத்தாலும் ஃபிராங்ஃபர்ட் பயணம் ஒன்றுக்கு 4,700. வருஷத்தில் பதினோரு தடவை போக வேண்டும். பையன் போகப்போவது இரண்டு தடவை. மார்க்கெட்டிங் தலைவர்கள், பிசினஸ் கிளாஸ் முதலாளிகள் எட்டுவார்கள். அவர்களுக்குமே படி உயர்ந்துகொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதல் தகுதிநிலையையும் செலவுக் கணக்குக்கு மாற்றியது. கோல்டுக்கு வருஷத்தில் 20,000 பவுண்டு அளவுக்குச் செலவழிக்க வேண்டும். நம் காசில் இருபது லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு ஃபாக்டரியில் தையல் லைனுக்கு நல்ல மெஷின்கள் வாங்கலாம்.

டெல்டா 2023 செப்டம்பரில் இப்படிப் படியை ஒரேயடியாகத் தூக்கியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அதன் தலைவர் எட் பாஸ்டியனே, அளவு மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு அடுத்த மாதமே கொஞ்சம் இறக்கினார். இறக்கியதும் பழைய இடத்துக்கு வரவில்லை.

வங்கிப் புள்ளி

இரண்டாவது வழிக்கு வருகிறேன். ஏர்லைன்ஸ்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. பறக்கிறவர்களை மடக்கி வைக்க ஆரம்பித்த திட்டம், இன்று வங்கிகளுக்கு மைல் விற்கிற வியாபாரம். வங்கி மொத்தமாக மைல் வாங்கி, கார்டு தேய்க்கிறவர்களுக்குச் சில்லறையாகக் கொடுக்கிறது. 2020-இல் கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 500 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது. நாம் நகையை வைப்பதுபோல. விமானம் ஓடாதபோதும் அடகுக்குப் போகிற சொத்து அது. ஆக, திட்டத்தின் பெரிய வாடிக்கையாளர் வங்கி. எகானமியில் முட்டி இடிக்க உட்கார்ந்து போகிற நாம் இரண்டாம் பட்சம்.

அப்படியானால் வங்கிப் பக்கமே போய் நிற்கலாமே என்று தோன்றும். அதில் நியாயம் இருக்கிறது. சென்னையோ பெங்களூரோ, எந்த ஏர்லைன்ஸில் பறந்தாலும் புள்ளி ஒரே இடத்தில் சேரும். முன்னே சொன்ன சிதறல் நோய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. டிக்கெட் கண்ணில் பட்ட பிறகு, எந்தக் கணக்குக்கு வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

தொந்தரவு என்னவென்றால், இங்கே சீட்டு நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஏர்லைன்ஸும் மதிப்பைக் குறைக்கலாம், வங்கியும் குறைக்கலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 புள்ளிக்கு 4 மைல் என்றிருந்தது, 2023 செப்டம்பர் முதல் 5-க்கு 2 ஆயிற்று. அதோடு ஆண்டுக் கட்டணமும் ஏறியது. அந்தக் கார்டை வைத்துக் கனவு கட்டியவர்களுக்கு ஒரே நாளில் சேமிப்பு பாதி.

இன்னொன்று. இந்தக் கார்டுகள் மாதம் லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கானவை. பையனின் சம்பளத்துக்கு, புள்ளிக்காகச் செலவைக் கூட்டி, பில்லை ஒரு மாதம் முழுக்கக் கட்டாமல் விட்டால், மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி ஓடும். அதற்கு நம் ஊரில் வேறு பேர் உண்டு.

வீட்டுச் செலவும் பயணமும் சேர்ந்து பெரிதாக ஓடுகிற குடும்பம், கணக்கு எழுதுகிற பழக்கம், மாதக் கடைசியில் முழு பில்லையும் கட்டுகிற ஒழுக்கம், புள்ளி சேர்ந்தவுடன் ஊற வைக்காமல் செலவழிக்கிற புத்தி. இந்த நாலும் இருந்தால் மூன்று வழிகளில் இதுதான் அதிகம் தரும். எனக்கு நாலாவது இல்லை.

மலிவு டிக்கெட்

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் அழகு. அன்றைக்கு எது தோதோ அந்த டிக்கெட். கட்டுகிற கார்டில் ஒன்றோ இரண்டோ சதவீதம், சில கார்டில் ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணமாகவே திரும்பி வரும். 55,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,100. சின்னத் தொகைதான். ஆனால் அது காலாவதி ஆகாது, மே மாதத்திலும் செல்லும், அண்ணாச்சி கடையிலும் செல்லும்.

இண்டிகோவைப் பாருங்கள். 2006-இல் பறக்க ஆரம்பித்து, பறந்ததற்குப் புள்ளி தருகிற திட்டம் எதுவும் இல்லாமலே உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பிடித்துவைத்தது. புளூசிப் என்ற திட்டத்தை 2024-இல்தான் கொண்டுவந்தது. சொன்ன நேரத்துக்கு, சொன்ன விலைக்கு என்றால் ஜனங்கள் மைல் கேட்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மற்றவர்களுக்கு

என் மச்சான் தம்மாமில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேரணாம்பட்டு வருவார். மூன்று வருஷ ஆயுளுள்ள மைலில் அவருக்கு ஒரு பயணம், மிஞ்சினால் இரண்டு அடங்கும். அவர் பார்க்க வேண்டியது எத்தனை கிலோ என்பதை மட்டும், பார்க்கிறதும் அதைத்தான். வி.ஐ.டி.யில் படிக்கிற வடநாட்டுப் பிள்ளைகளுக்கு மாணவர் கட்டணத்தில் கிடைக்கிற கூடுதல் 10 கிலோ, எந்தப் புள்ளியையும்விடப் பெரிது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொல்கத்தாவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிவியூவுக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. ஒரே தடம், ஒரே ஏர்லைன்ஸ், சொந்தக் காசு, அடிக்கடி பயணம். யோசித்துப் பார்த்தால் மைல் சேர்க்க எல்லாத் தகுதியும் உள்ளவர்கள் அவர்கள்தான். காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கியிருக்கிற அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

பையனுக்கு நான் சொன்னது இது: டிக்கெட் காசு கம்பெனியுடையது, போவது வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆகவே மலிவும் தோதும் பார்த்துப் போ. இரண்டு கூட்டணிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு ஏர்லைன்ஸில் மெம்பர் நம்பர் வாங்கி வைத்துக்கொள், அதற்குக் காசு இல்லை. அந்த நம்பருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலான டிக்கெட் எடுக்காதே. போர்டிங் பாஸை, மைல் கணக்கில் ஏறும்வரை கிழித்துப் போடாதே. மைல் விட்டுப்போனால் பிறகு கேட்டு வாங்க அதுதான் ஆதாரம். சொந்தச் செலவுக்கு ஒரு கேஷ்பேக் கார்டு போதும். மார்க்கெட்டிங் ஹெட் ஆகி மாதம் ஒரு தடவை பறக்கிற காலம் வந்தால், அன்றைக்கு எடைக்காக கோல்டைத் துரத்தலாம்.

"அப்ப நீங்க ஏன் சார் இவ்வளவு நாள் சேர்த்தீங்க?" என்றான். தகுதிநிலை ஏறும்போது கவுன்டரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது பிடித்திருந்தது என்று உண்மையைச் சொன்னேன்.

சாயங்காலம் டிராவல்ஸ் பாய் போன் செய்தார். மிலானுக்கு தோஹா வழி ஒன்று இருக்கிறது, துபாய் வழி ஒன்று இருக்கிறது, துபாய் மூவாயிரம் கம்மி, ஆனால் அங்கே ஏழு மணி நேரம் உட்கார வேண்டும் என்றார். தோஹாவே போடச் சொன்னேன். பையனுக்கு முதல் பயணம், கையில் சாம்பிள் பெட்டி வேறு.

"மெம்பர் நம்பர் ஏதாவது போடணுமா சார்?"

பையன் மத்தியானமே கணக்குத் திறந்து, நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

"போடுங்க பாய். காசா, பணமா."